பத்தே பத்து தடவை

எங்கள் வீட்டில் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தால் யாரும் சத்தம் போடக் கூடாது. தும்மல் வந்தால்கூட வாசலுக்கு ஓடிப்போய்த்தான் தும்ம வேண்டும். இரவு வேலை முடித்து வந்த அம்மா உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம்.

அந்தச் சனிக்கிழமை காலை நான் அதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். நன்றாக நினைவிருந்தது. "பத்தே பத்து தடவை" என்று எனக்கு நானே பேரம் பேசிக்கொண்டு பந்தைச் சுவரில் அடித்தேன். பத்து நூறானது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் கட்டில்.

கதவு திறந்தது. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. திட்டவில்லை. திரும்பப் போய்ப் படுத்தார். தூக்கம் வரவே இல்லை.

இரண்டு மணிக்கு அலுவலகத்துக்குப் போன் செய்தார். "சார், நான் சரியா தூங்கல. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரை முன்னாடி உட்காரக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு காபி குடிச்சா சரியாயிடுமேம்மா?"

"காபி குடிச்சுட்டுப் பாத்திரம் கழுவலாம். விமானத்தை இறக்க முடியாது," என்றார். அம்மாவுக்கு விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையில் வேலை. "திரையில ஒரே சமயத்துல பத்துப் பன்னெண்டு விமானம் புள்ளி புள்ளியா ஓடும். ஒண்ணுக்கொண்ணு கிட்ட வராம பார்த்துக்கணும். எது முதல்ல இறங்கணும், எது வட்டமடிச்சுக் காத்திருக்கணும்னு நாங்கதான் சொல்லணும். நான் கொட்டாவி விடுற நேரத்துல ரெண்டு புள்ளி பக்கத்துல வந்துடும். தூக்கம் பத்தலைன்னா நாங்களே சொல்லிடணும், அதுதான் விதி."

"அப்ப உன் நாற்காலி காலியா இருக்குமா?"

"இருந்தா நிறைய விமானம் நேரத்துக்குக் கிளம்பாது. அடுத்த நாற்காலி மாமா வராராம். பாவம், லீவு போட்டிருந்தார்."

அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்தான் அடுத்த நாற்காலி மாமா. அவர் மகள் சிட்டு என் வகுப்பு. அன்று மாலை பள்ளி விழாவில் அவள் தனியாகப் பாடப் போகிறாள். "எங்கப்பா முதல் வரிசையில உட்காருவார்" என்று ஒரு வாரமாக எங்கள் காதைத் துளைத்துவிட்டாள்.

அம்மாவோடு பள்ளிக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் சிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

"உங்கப்பா வராததுக்கு நான்தான்டி காரணம்," என்று பந்துக் கதையை முழுவதும் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அப்பாவைப் பார்த்துக்கிட்டே பாடணும்னு இருந்தேன்," என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பந்தை யாராவது திருடிக்கொண்டு போயிருக்கக் கூடாதா!

அப்போதுதான் ஒன்று தோன்றியது. கட்டுப்பாட்டு அறையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு உண்டு. ஆறு மணிக்கு உட்காரும் மாமா எட்டு மணிக்கு எழுந்துகொள்வார். ஓய்வறையில் போன் பேசலாம். ஆனால் சிட்டுவின் பாட்டு ஆறரைக்கு, முதல் நிகழ்ச்சி. எட்டு மணிக்குக் கடைசி நிகழ்ச்சியாக என் தனி நடிப்பு. அரங்கம் நிறைந்திருக்கும் அந்த இடத்துக்காக டீச்சரிடம் ஒரு மாதம் கெஞ்சியிருந்தேன்.

டீச்சரிடம் ஓடினேன். "டீச்சர், நான் முதல்ல இறங்கிடறேன். சிட்டு வட்டமடிக்கட்டும்."

"என்னது?"

"என் நடிப்பு முதல்ல, அவ பாட்டு கடைசியில, டீச்சர்."

நான் நடித்தபோது பாதிப் பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்த இடத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

அதற்குள் என் யோசனையைக் கேட்ட அம்மா, ஓய்வு நேரத்தில் மாமாவைக் கூப்பிடச் சொல்லி அலுவலகத்தில் சொல்லி வைத்திருந்தார். எட்டு மணிக்கு மாமாவிடமிருந்து வீடியோ கால் வந்தது. முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் அம்மா தன் போனைச் சாய்த்து வைத்தார். மேடையிலிருந்து பார்த்தால் மாமாவின் முகம் கடுகளவுதான் தெரிந்திருக்கும். சிட்டு அந்தக் கடுகைப் பார்த்தே பாடினாள். எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகும் போனுக்குள் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார்.

சிட்டு கீழே இறங்கி வந்தாள். "உன்மேல கோவம் இன்னும் போகல," என்றாள்.

"தெரியும்."

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு அந்தப் பந்தை எடுத்துட்டு எங்க வீட்டுக்கு வா. அப்பா தூங்கி எழுந்து டூட்டிக்குக் கிளம்பினதும் வா."