படம் முடியட்டும்

"எங்க அத்தை சாமியம்மாள் செத்த எடத்தக் காட்டுங்க."

கேட்டுவிட்டேன். அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன்.

கேட்கவே கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். கல்வராயன் மலையிலிருந்து நான் கள்ளக்குறிச்சிக்குப் படிக்க இறங்கிய நாளில் சொன்னார். பி.எஸ்சி. முடித்துக் கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலும் சொன்னார். "எந்த வூட்டுக்கு வேணா போ தமிழு. மூங்கில்துறைப்பட்டுல தீனதயாளன் வூட்டுக்கே வேணா போ. சாமியப் பத்தி மட்டும் வாயத் தொறந்துடாத."

சாமி அப்பாவின் தங்கை. பதிமூன்று வயதில் அந்த வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனவள். கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தது என்றார்கள். அப்பா மலையிலிருந்து இறங்கி வருவதற்குள் எரித்தும் விட்டார்கள். அப்பா அவர்களைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அந்தக் கும்பிடு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

தீனதயாளன் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது தாண்டிய உடம்பு. கையில் டீ டம்ளர்.

"ஓ, வெள்ளையன் பொண்ணா நீ? மலையில கம்ப்யூட்டர்லாம் படிக்கிறீங்களா இப்ப?" சிரித்தார். "அதுக்குப் பாம்பு கடிச்சு இருவத்தேழு வருசம் ஆவுது. எடம் வேணும்னா பாம்பைப் போய்க் கேளு. இப்ப வந்த வேலையப் பாரு."

வந்த வேலை இதுதான். அவருடைய அம்மா கொளஞ்சியம்மாள் பக்கவாதம் வந்து கூடத்துக் கட்டிலில் கிடக்கிறார். ஞாயிறு நாலு மணிப் படம் என்றால் உயிர். ஆனால் பாதியில் தூங்கிவிடுவார். அதனால் மொட்டை மாடியில் இலவச டிஷ் வைத்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் டிவி கார்டு சொருகி, படத்தைத் தானாகப் பதிவு செய்யும்படி அமைத்துத் தர வேண்டும்.

டிஷ்ஷைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். வானம் கருத்துக் கிடந்தது. காற்றே இல்லை.

அங்கே பழைய ஆன்டெனாவின் இரும்புக் கம்பம் இன்னும் நின்றது. ஆன்டெனா காலத்தில் படம் ஆடினால் ஒருவர் மேலே போய்க் கம்பத்தைத் திருப்ப வேண்டும். கீழே இருப்பவர்கள் கத்துவார்கள். சில நேரம் கையை எடுத்தால் படம் போய்விடும். அப்படியே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கம்பத்தை ஒட்டிய சுவரில், முன்பு மின்கம்பி கட்டியிருந்த பீங்கான் குமிழ் மட்டும் இருந்தது. கம்பியை எப்போதோ கழற்றியிருந்தார்கள்.

கம்பம் முழுக்கத் துரு. தொட்டால் உதிரும் துரு.

இரண்டு இடத்தில் மட்டும் இல்லை. என் இடுப்புக்குச் சற்று மேலே, ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு சின்னக் கைகள் பிடிக்கும் அகலத்துக்கு இரும்பு பளபளவென்று இருந்தது. நேற்றுவரை யாரோ பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி.

முடி கருகும் வாசனை வந்தது.

அந்தக் கம்பத்திலேயே டிஷ்ஷை மாட்டி, கேபிளைக் கீழே விட்டு இறங்கினேன். கம்ப்யூட்டரில் இணைத்து, அதைக் கூடத்து டிவியோடும் இணைத்துப் பார்த்தேன். சிக்னல் பூஜ்யம். டிஷ்ஷைத் திருப்பிச் சரியான திசை பிடிக்கும்வரை அப்படித்தான் இருக்கும். பதிவாகும் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் சோதனைப் பதிவு போட்டேன். சிக்னலே இல்லாத பதிவு. கறுப்புத் திரையும் மௌனமும்தான் வர வேண்டும்.

ஹெட்போனை மாட்டி ஓட்டினேன்.

கறுப்புத் திரை. உள்ளே மழை பெய்தது.

ஓர் இளைஞனின் குரல்: "இன்னும் கொஞ்சம் திருப்பு! ஆங், அப்பிடியே நில்லு. கையெடுத்தா பல்லு ஒடையும்."

உயரத்திலிருந்து, மழைக்குள்ளிருந்து, ஒரு சிறுமி: "அண்ணே, கம்பி கடிக்குதுண்ணே."

"நடிக்காத. புடிச்சுக்கினு நில்லு."

"நெசமா கடிக்குதுண்ணே. கை வரமாட்டேங்குது. அம்மா, எறங்கட்டுமா?"

ஒரு பெண் குரல், மிக அருகில், வாயில் எதையோ மென்றபடி: "படம் முடியட்டும்."

அதற்குப் பிறகு சிறுமியின் குரல் இல்லை. மழை மட்டும். படத்தில் யாரோ பாடினார்கள். இளைஞன் சொன்னான்: "இப்ப தெளிவா தெரியுதும்மா."

பதிவு முடிந்தது.

ஹெட்போனைக் கழற்றினேன். கொல்லையில் தீனதயாளன் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். அதே குரல். இருபத்தேழு வருடச் சதை மட்டும் கூடியிருந்தது. இனி அவனை 'அவர்' என்று எழுத மாட்டேன்.

"சார்," என்றேன். "மேல போயி டிஷ்ஷைத் திருப்பணும்."

"அதுக்குத்தானே உன்னக் கூப்பிட்டது. ஏறு. மரம் ஏறுற சாதிதானே நீங்க."

"நான் ஏறுனா கீழ சிக்னல் பாக்கறது யாரு? உங்களுக்குத் தெரியுமா? மணி மூணு அம்பது. படம் போயிடும்."

கட்டிலிலிருந்து கொளஞ்சியம்மாள் சத்தம் போட்டார். "டேய், படம் போட்டுடுவாண்டா! ஏறித் தொலைடா!"

முனகிக்கொண்டே ஏறினான்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கத்தினேன். "இன்னும் கொஞ்சம் திருப்புங்க!"

பன்னிரண்டு சதவீதம். முப்பது.

"கம்பத்தோட சேத்துப் புடிச்சுத் திருப்புங்க! ஆங்!"

எழுபத்தெட்டு. தொண்ணூற்றாறு.

படம் விழுந்தது. டிவியில் கண்ணாடி போலத் தெளிவாக விழுந்தது. சரியாக நாலு மணி. மூன்று மணி நேரப் பதிவு தானாகத் தொடங்கி, மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"போதுங்க, எறங்குங்க," என்றேன்.



பிறகு மேலிருந்து ஒரு குரல், ஆச்சரியத்தோடு: "ஏம்மா... இந்தக் கம்பி கடிக்குது."

மாடியில் மின்சாரமே கிடையாது. ஒரு சுவிட்ச் கூட இல்லை.

"கை வரமாட்டேங்குது! ஏய், கை வரலடி! கீழ கேபிளப் புடுங்குடி!"

கேபிளில் கை வைத்தேன். ஒரே இழுப்பு. அவன் விடுபடுவான் என்று எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். தெரிந்தது.

"புடுங்காத."

கொளஞ்சியம்மாள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மேல கத்துறது உங்க பையங்க," என்றேன்.

"அவன் எதுக்குக் கத்துறான்? அது அந்த மலைக்காரக் குட்டி. எப்பவும் இப்பிடித்தான் அழுவும்." வாய் ஒருபக்கம் கோணியபடி மென்றார். "படம் முடியட்டும்."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். டிவிக்கு நேர் எதிரே, சிமெண்ட் தரையில், ஈரம். சம்மணம் போட்டு உட்கார்ந்த ஒரு சின்ன உடம்பின் அளவுக்கு ஈரம். வெளியே இன்னும் ஒரு சொட்டு மழைகூட விழவில்லை.

ஈரம் டிவியை நோக்கி ஒரு சாண் நகர்ந்தது.

டிவியின் சத்தம் தானாக ஏறியது. ரிமோட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

அந்த வீட்டில் ஒரு படத்தைக்கூட அவள் கீழே உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டாள்.

கேபிளிலிருந்து கையை எடுத்தேன்.

"சரிங்கம்மா," என்றேன். "முடியட்டும்."

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். அத்தை செத்த இடத்தை யாரும் காட்டாமலே பார்த்தாகிவிட்டது. அதை அப்பாவிடம் இன்றைக்கே சொல்வேன். இனி அவர் யாரையும் கும்பிடக் கூடாது.

மாடியில் அலறல் மெலிந்துகொண்டே வந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் தூறல் முகத்தில் விழுந்தது.

உள்ளே ஏதோ நகைச்சுவைக் காட்சி போல. ஒரு சிறுமி வாய்விட்டுச் சிரித்தாள்.

படம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடம் இருந்தது. நடந்தேன்.