9.12-க்கு விழுந்த ரேகை

செவ்வாய், காலை 11.20.

கீழ் கோத்தகிரிச் சரிவில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு. தேயிலைத் தொழிலாளி அழகையா கட்டிலில் இறந்து கிடந்தார். வாசலில் நின்ற பனி உள்ளேயும் புகுந்திருந்தது.

"மாரடைப்பு. உயிர் போய் ஆறு மணி நேரத்துக்கு மேல ஆச்சு," என்றார் டாக்டர்.

சப்-இன்ஸ்பெக்டர் ஹாஜிரா கையிலிருந்த தாளைப் பார்த்தார். வீட்டை மனைவி தெய்வம்மா பெயருக்கு மாற்றி அழகையா கைரேகை வைத்த நேரம்: இன்று காலை 9.12.

"பேர் மாத்தாம செத்தா வீடு எஸ்டேட்டுக்குத் திரும்பணும் மேடம்," என்றார் புகார் கொடுத்த சூப்பர்வைசர் தினகரன். "செத்தவர் எப்படி ரேகை வைப்பாரு?"

லயத்துப் பெண்களிடம் பதில் இருந்தது. செத்தவர்தான் வீட்டுக்காக ஒருமுறை எழுந்து போய் ரேகை வைத்துவிட்டு வந்தார் என்றார்கள். அவர்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

"அவர் இறந்து கிடந்ததை எப்பப் பாத்தீங்க, தெய்வம்மா?" என்றார் ஹாஜிரா.

"பத்து மணிக்குங்க."

"குளிப்பாட்டினீங்களா?"

"இல்லைங்க. யாரும் தொடலை."

ஹாஜிரா போர்வையை விலக்கினார். கறையேறிய கறுத்த விரல்கள். வலது கட்டைவிரல் மட்டும் வெளுத்திருந்தது.

பகல் 12.05. எஸ்டேட் சேவை மையம்.

போன வருடம்வரை எந்தச் சான்றிதழுக்கும் கோத்தகிரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மூன்று அதிகாரிகள் ஆளைப் பார்த்துக் கையெழுத்திடுவார்கள். இப்போது ஒரு கைரேகை மிசின், அதை இயக்க ஒரு ரேணுகா. வரிசையில் நின்றவர்கள் கட்டைவிரலில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேயிலைக் கறை இருந்தா மிசின் எடுக்காதுங்க," என்றாள் ரேணுகா.

"மிசினை வெளிய எடுத்துட்டுப் போவீங்களா?"

"நடக்க முடியாதவங்க ஊட்டுக்கு மட்டும்."

ஹாஜிரா கதவைச் சாத்தினார்.

"யாரும் தொடாத உடம்புல ஒரே ஒரு விரலை மட்டும் யாரோ தேய்ச்சுக் கழுவியிருக்காங்க. பழம் யார் ஊட்டுலயும் இருக்கும். மிசினைத் திறக்கிற பாஸ்வேர்ட் உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. விடியுமுன்னே இறந்தவரை ஒன்பது மணிவரைக்கும் உயிரோட வெச்சது நீங்கதான், ரேணுகா. கோத்தகிரியில மூணு பேர்ல ஒருத்தராவது ஆளைக் காட்டுன்னு கேட்டிருப்பாங்க. இங்க கேக்க ஆளில்லை."

ரேணுகா மிசினைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்க யாருக்கும் அவரைத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். போன வாரம் ரெண்டு நாள் வந்தாரு. ரேகை விழலை. வரிசை நீளமா இருந்துச்சு, அப்புறம் வாங்கன்னு நானேதான் திருப்பி அனுப்பினேன். இன்னிக்கு விடியறப்ப தெய்வம்மாக்கா ஓடியாந்து, 'எங்க போவேன்'னு அழுதாங்க."

குரல் இறங்கியது.

"விரல் சில்லுன்னு இருந்துச்சுங்க. மூணு தடவை சிவப்பு. நாலாவது தடவை பச்சை. அதுக்கப்புறம் இங்க யார் கையைப் புடிச்சாலும் அதே குளிருங்க."

ஹாஜிரா மிசின் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் அவர் வந்தது மிசின்ல இருக்கா?"

ரேணுகா தேடினாள். தேதி, நேரம், அழகையாவின் பெயர். இரண்டு முறையும் 'ரேகை பொருந்தவில்லை'.

"பிரிண்ட் எடுங்க. இன்னிக்கு வெச்ச ரேகை செல்லாது. ஆனா பேரை மாத்த அவர் உயிரோட வந்தாருன்னு இது சொல்லும். தெய்வம்மா கலெக்டர்கிட்ட மனு கொடுக்கட்டும்."

பிறகு மிசினுக்குச் சீல் வைத்தார். வரிசை கலைந்து, பனிக்குள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தது.

ரேணுகாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக, ஜீப்பில் ஏற ஹாஜிரா கை நீட்டினார். ரேணுகா அதைத் தொடாமல், கம்பியைப் பிடித்து ஏறினாள்.