நாலாம் அறையில் ஓர் ஆள்

வைட்ஃபீல்டிலிருந்து வந்த வாடகைக் கார் பொம்மசந்திராவில் அந்தக் கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் நின்றபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பையும் கையுமாக இறங்கிய பெண்ணைக் காவல் கூண்டுக்குள்ளிருந்தே ஏற இறங்கப் பார்த்தார் கோவிந்தப்பா. பெயர் லீனாவாம். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு வைக்க வந்தவளாம். வைக்கட்டும். அவருக்கு எந்தக் கம்ப்யூட்டரும் ஆகாது. மனுஷன் பொய் சொன்னால் முகத்தில் தெரியும். அதற்குத்தான் முகமே கிடையாதே.

பழையது கறுப்புத் திரையில் பச்சைப் பச்சையாய் எழுத்தைக் கக்கும். அதுவும் இங்கிலீஷ் எழுத்து. எந்தக் குளிர் அறைக்குள் யார் போனார், யார் வந்தார் என்று அதில் தட்டிவைக்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பதாகக் காட்டினால் கதவுப் பூட்டு விழாது. வேலை முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் வெளியே வந்ததைப் பதிய மறந்துவிடுவார்கள். சூப்பர்வைசர் க்ளென் உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த மிச்சப் பெயர்களை அழித்துவிட்டுப் பூட்டுவான். எழுந்துபோய் எட்டிப் பார்க்கிற பழக்கம் இல்லை.

லட்சுமம்மா உள்ளே இருந்த அன்றைக்கும் அப்படித்தான் பூட்டினான்.

அவள் கோவிந்தப்பாவின் பெண்சாதி. நாலாம் அறையில் பட்டாணி மூட்டை அடுக்கப் போனவள். வேலை விட்டும் வாசலுக்கு வரவில்லையே என்று அவர் போய்க் கேட்டார். க்ளென் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல யாரும் இல்லய்யா. இல்லன்னா இல்லதான். வீட்டுக்குப் போய்ப் பாரு."

அவரும் போனார்.

காலையில் கதவைத் திறந்தபோது விறைத்துக் கிடந்தாள். மடியில் எலுமிச்சைச் சோற்று டிபன் பாக்ஸ். அதன் மூடி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. கதவின் உட்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள். அவள் அன்றைக்கு வேலைக்கே வந்ததாகக் கம்ப்யூட்டரில் இல்லை, திருடத்தான் ஒளிந்திருந்தாள் என்று க்ளென் எழுதிக்கொடுத்தான். திருடி என்ற பெயரோடுதான் அவளைப் புதைத்தார்கள். அந்தப் பெயர் போகாமல் இந்த வாசலை விட்டு நகர்வதில்லை என்று கோவிந்தப்பாவும் கல்லாய் உட்கார்ந்துவிட்டார்.

பழைய பெட்டியைத் தூக்கிப் போட அவரைத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

"இனிமே எழுத்தே தெரிய வேணாம் அங்கிள்," என்றாள் லீனா. "ஒவ்வொரு ரூமும் ஒரு கட்டம். உள்ள ஆள் இருந்தா சிவப்பு, எத்தனை பேரோ அத்தனை பொம்மை. உங்க வாசல் கேபினுக்கும் ஒரு கட்டம் உண்டு, ஸ்கிரீனும் வெச்சிருக்கேன்."

"பொம்மை பொய் சொல்லாதாம்மா?"

"நாம சொல்லிக்குடுத்தா சொல்லும்," என்று சிரித்தபடி தட்டினாள்.

திரை வண்ணமாய் விரிந்தது. சாப்பாட்டு நேரம், அறைகளில் ஆள் இல்லை. எல்லாக் கட்டமும் பச்சை.

நாலாவது மட்டும் சிவப்பு. உள்ளே ஒரே ஒரு பொம்மை.

க்ளென் கடிகாரத்தைப் பார்த்தான். "என்னம்மா இது கருமம்? முதலாளி வர்ற நேரம். அதை அழி."

"லட்சுமம்மான்னு பேரு வருது சார். பழைய புரோகிராம்ல டெலீட் பண்ணா அழிஞ்சுடாது. ஒரு ஸ்டார் போட்டு மறைச்சு மட்டும் வைக்கும். நான் எல்லாத்தையும் இதுக்குக் கொண்டுவந்தப்ப மறைச்சதும் கூடவே வந்துடுச்சு. மத்தவங்க மறுநாள் வேலைக்கு வந்ததால கணக்கு நேராயிடுச்சு. இவங்க ஒருத்தர்தான்..." அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "உள்ள போனவங்க, வெளிய வரவே இல்ல."

கோவிந்தப்பா தூக்கிய பெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப வேலைக்குத்தான் வந்திருக்கா."

"நீ வாயை மூடுய்யா! லீனா, அழின்னு சொல்றேன்ல?"

"இதுல முடியாது சார். யாராவது உள்ள போய்ப் பார்த்து, அங்க இருக்கிற பட்டனை அழுத்தணும். உங்க கம்பெனிதான் அப்படிக் கேட்டுச்சு."

க்ளென் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தான். "வாய்யா. வந்து கதவைப் பிடி."

நடையில் அம்மோனியா நெடி மூக்கை அறுத்தது. நாலாம் கதவைத் திறந்ததும் வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. உள்ளே விளக்கு எரியவில்லை. வெளியே பட்டப்பகல். உள்ளே குழி வெட்டியதுபோல் இருட்டு.

டங்.

க்ளென் நின்றான். "குழாய்... குழாய்தானே?" என்று கிசுகிசுத்தான்.

"குழாய்தான் சார். போங்க."

டங். டங்.

அம்மோனியா நெடியையும் மீறி எலுமிச்சைச் சோறு மணத்தது.

தன் பெயரைப் பதியாமலே, கைப்பேசி வெளிச்சத்தோடு க்ளென் உள்ளே போனான். பத்தடி போவதற்குள் புகை அவனை விழுங்கிற்று. கோவிந்தப்பா கதவை இறுக்கித்தான் பிடித்திருந்தார். அது அவர் கையை விட்டு நகர்ந்தது. காற்று தள்ளவில்லை. இடுப்புக் குடத்தை ஒருத்தி பதமாய் வாங்கிக்கொள்வதுபோல உள்ளேயிருந்து வாங்கிக்கொண்டது.

கதவு சாத்திக்கொண்டது.

"கோவிந்தப்பா! திற! இங்க யாரோ... யாரோ என் கையைப் பிடிக்கிறாங்க!"

இரண்டு உள்ளங்கைகள் கதவை அறைந்தன. கோவிந்தப்பா பிடிமேல் கை வைத்தார். ஒரு திருகு போதும்.

அலுவலக அறையிலிருந்து லீனாவின் குரல் வந்தது. "அங்கிள்! நாலு பச்சை ஆயிடுச்சு. அந்தம்மா வெளிய வந்ததா காட்டுது. உள்ள யாரும் இல்ல. சாரும் வந்துட்டாரா?"

அவர் கதவைப் பார்த்தார். அறைதல் இன்னும் கேட்டது.

"கம்ப்யூட்டர்ல இல்லன்னா இல்லதாம்மா. சார் பின்பக்கமா டீக்குப் போனாரு."

பூட்டு தானாக விழுந்தது.

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

கம்ப்ரஸர் இரைச்சலில் அன்றைக்கு யார் காதிலும் எதுவும் விழவில்லை. மறுநாள்தான் க்ளெனைப் பிணமாக எடுத்தார்கள். லட்சுமம்மா செத்த பிறகு பொருத்திய உட்பக்கத்துப் பிடியை மெக்கானிக் ஒரு விரலால் திருகிக் காட்டினான். நன்றாகவே வேலை செய்தது. கண் வீங்கிய லீனா, முதலாளியிடமும் போலீஸிடமும் பழைய பதிவைக் காட்டினாள். லட்சுமம்மா வேலைக்குத்தான் வந்திருந்தாள். உள்ளே இருக்கும்போதே அவள் பெயரை அழித்திருக்கிறார்கள். திருடி என்ற சொல்லை முதலாளி தன் வாயாலேயே திரும்ப வாங்கிக்கொண்டார்.

உச்சி வெயிலில் கோவிந்தப்பா காவல் கூண்டுக்குத் திரும்பினார். மனசில் பாரம் இறங்கியிருந்தது. இனி நகரலாம், ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டே புதுத் திரையைப் பார்த்தார். எல்லாக் கட்டமும் பச்சை. நாலாவதும்தான்.

வாசல் கட்டம் சிவப்பு. அதற்குள் இரண்டு பொம்மைகள்.

அவர் ஒருத்தர்தானே இருக்கிறார்?

பெஞ்சில் பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ் மூடி கிடந்தது. விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது. வெயில் நேராக அதன்மேல் விழுந்தும் அதில் படிந்த பனி உருகவில்லை.

"லட்சுமி," என்றார் மெதுவாக. "நான் வந்து கேட்டேன்டீ. அவன்தான் போகச் சொன்னான்..."

கூண்டுக் கதவு, இடுப்புக் குடத்தைப் பதமாய் வாங்கிக்கொள்வதுபோல, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அவர் விட்ட மூச்சு வெள்ளையாய்ப் புகைந்தது.