துணி அடைத்த வாய்

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தபோது பைக் இஞ்சினின் வாயில் துணி அடைத்திருந்தது. அவன் அடைக்கவில்லை. காலையில் சிலிண்டரைத் தூக்கி எடுத்தவன், கனெக்டிங் ராடு மட்டும் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பள்ளத்தைத் திறந்தபடியே போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனான். அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. இப்போது நாலாக மடித்த பழைய பனியன் துணி, ராடைச் சுற்றி, கழுத்துக்குத் துண்டு கட்டினாற்போல ஒழுங்காகச் செருகியிருந்தது. சின்ன சாமான் எதுவும் தவறி உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று அப்படி அடைத்து வைப்பது அண்ணன் வழக்கம். அண்ணன் போய் இரண்டு வருடமாகிறது.

"நீ அந்த ரூமுக்குள்ள போனியா?" என்று மனைவியிடம் கேட்டான்.

"எதுக்கு? என் பாத்திரத்துல பிஸ்டனை வேக வைக்கிறீங்களே, வெந்துடுச்சான்னு பார்க்கவா? இந்த மண்ணெண்ணெய் நாத்தம் போற வரைக்கும் நான் எங்கம்மா வீட்டுல இருக்கேன். ஆளை விடுங்க." சொன்னபடியே சாயங்காலம் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் கை வேலை தெரிந்தவன் அண்ணன்தான். இவன் ஆபீசில் ஃபைல் தள்ளுகிறவன். "உனக்கு இதெல்லாம் வராதுடா" என்று நாலு பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொல்வான் அண்ணன். மற்றவர்களும் சிரிப்பார்கள். ஒருமுறை அண்ணனுக்கு மணிக்கட்டு பிசகியபோது, நான் செய்து காட்டுகிறேன் என்று இவன் வீம்புக்கு இதே இஞ்சினைப் பிரித்தான். பிஸ்டனையும் ராடையும் கோக்கும் ‘பின்’ என்ற இரும்புத் தண்டு நழுவாமல் இருக்க இரண்டு பக்கமும் ஒரு மெல்லிய கம்பி வளையம் உண்டு; கிளிப் என்பார்கள். புதுக் கிளிப் ஒன்று குறட்டிலிருந்து தெறித்து எங்கேயோ ஓடிவிட்டது. துணியும் அடைத்திருக்கவில்லை. அரைமணி நேரம் தேடிவிட்டு, பிடிப்பு விட்டுப்போன பழைய கிளிப்பையே மாட்டி மூடினான்.

"ரெண்டும் புதுசுதானே?" என்று கேட்டான் அண்ணன்.

"புதுசுதான்."

ஒன்பதாம் நாள், அண்ணன் ஓட்டிப்போன இறக்கத்தில், அந்தக் கிளிப் கழன்றது. அந்தப் பின் நகர்ந்து, இஞ்சின் இறுகி, பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரி. வேகமாகப் போயிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள், முதலில் தலையாட்டியவன் இவன்தான்.

வண்டியை நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து, அந்தச் சத்தத்தை ஒருதரம் கேட்டால் போதும் என்று அண்ணி சொன்னபோது இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த மெக்கானிக்கும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். நானே செய்கிறேன் அண்ணி என்று முந்திக்கொண்டான். "உங்கள விட்டா எனக்கு யாரு தம்பி" என்று அவள் அழுதாள். அவளுக்கு மட்டும் தெரிந்துவிடக் கூடாது. சிலிண்டரின் உட்சுவரில் அந்தப் பின் கீறிய பள்ளத்தில் இன்று காலை அவன் விரல் நுனி புதைந்தது. மனைவி கிளம்பியதும் அந்தச் சிலிண்டரைச் சாக்கில் சுற்றிப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தான்.

மறுநாள் பிஸ்டனைச் சுடவைத்துப் பின்னைச் செருகி, கிளிப் பொட்டலத்தை எடுக்க மேசைப் பக்கம் திரும்பினான். பொட்டலம் பிரிந்து காலியாகக் கிடந்தது. எரிந்த எண்ணெய் வாசனை, இரண்டு வருடமாக ஓடாத இஞ்சினிலிருந்து, இளஞ்சூடாக வந்தது. குனிந்தான். இரண்டு பக்கமும் புதுக் கிளிப் ஏறியிருந்தது, வளையத்தின் திறந்த வாய் நேர் கீழே பார்க்க, அண்ணன் மாட்டுகிற மாதிரியே. இருந்தபோதும் குறை சொன்னான், செத்தும் திருத்த வந்துவிட்டான் பார் என்று ஆத்திரம்தான் முதலில் வந்தது. பயம் அப்புறம் வந்தது. வாங்கி வைத்திருந்த மாற்றுச் சிலிண்டரை இறக்கி மூடினான்.

மூடியின் நட்டுகளை அவன் வெறும் கையால்தான் லேசாகத் திருகி வைத்திருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஸ்பேனரை வைத்தால் ஒன்றுகூட அசையவில்லை. நாலும் இறுகியிருந்தன.

வெள்ளிக்கிழமை வெயில் தாழ அண்ணி வந்தாள். அவன் கிக்கரை மிதித்தான். பத்து. இருபது. முப்பது. வண்டி முனகக்கூட இல்லை. அந்தச் சத்தம் எழாததில் உள்ளூர அவனுக்கு நிம்மதியாகவே இருந்தது. பிளக் வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து, மூன்றடி தள்ளி நின்று வியர்வையைத் துடைத்தான்.

"இன்னிக்கு வராது அண்ணி. அடுத்த வாரம் பார்க்கலாம்."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

கிக்கர் இறங்கியது.

யாரும் மிதிக்கவில்லை. மெதுவாக, முழு நீளத்துக்கு இறங்கி, ஏறியது. மறுபடி இறங்கியது. இஞ்சின் பிடித்துக்கொண்டது.

சாவி அவன் சட்டைப்பையில். பிளக் வயர் காற்றில் தொங்கியது.

இஞ்சின் ஓடியது. நிதானமாக. அழகாக. அவன் கையால் ஒருநாளும் வராத சத்தம். பின் சக்கர ஸ்பிரிங்குகள் அமுங்கின. ஓர் ஆள் எடைக்கு. ஸ்டாண்டு தானாக மடிந்தது. வண்டி சாயவில்லை.

"அண்ணி, கிட்டப் போகாதீங்க."

அவள் போனாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு, எப்போதும் உட்காருகிற மாதிரி ஒருபக்கமாகப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்தாள். எதையோ கேட்டாள். தலையாட்டினாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"தம்பி." அவள் குரலில் கோபம் இல்லை. "பழைய கிளிப்பைத்தான் திரும்பப் போட்டியான்னு கேக்கறார்."

கிளிப் என்ற வார்த்தையே அவளுக்குத் தெரியாது.

"ஏன்னு கேக்கறார்."

அவன் பின்வாங்கினான். முதுகில் சுவர். கதவுக்கும் அவனுக்கும் நடுவில் வண்டி. ஹேண்டில் திரும்பியது. முன்சக்கரம் அவனைப் பார்த்து நேராக நின்றது.

கிளட்ச் உள்ளே போனது. கியர் விழுந்தது.

அண்ணி வலது கையை உயர்த்தி முன்னால் வைத்தாள். வெறும் காற்றில், ஒரு தோளின் உயரத்தில். விழுந்துவிடாமல் இருக்க விரல்களை இறுக்கினாள். அந்தக் கை மெல்ல மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, மூச்சு விடுகிற ஒருவன் தோள்மேல் வைத்த கை மாதிரி.