சிந்தாத எண்ணெய்

அன்றும் வழக்கம்போல் காற்றுக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வடிவு அடுப்பை மூட்டினாள். சீரிஸ் குறுங்கோளில் யாருக்கும் அது புதிதல்ல. காலையில் சுவரில் கட்டைவிரலை வைத்தால் அன்றைய மூச்சுக்கான தொகை கழியும், வீட்டுக்குள் காற்று இறங்கும், அப்புறம்தான் காபி. கட்டாத வீட்டில் காது அடைக்கத் தொடங்கிவிடும் என்பதால் மறந்தவர்கள் என்று யாரும் இல்லை.

வடிவும் அவள் கணவன் ஆவுடையப்பனும் ஊரையே கூரையாக மூடியிருந்த கவிகைக்குள் முறுக்குக் கடை வைத்திருந்தார்கள். வாசலில் ஆள் வந்து நிற்கிற கடை அல்ல. விண்கல் தோண்டும் கப்பல்களில் மாதக்கணக்காகப் பசைச் சாப்பாடு தின்று நாக்குச் செத்துப்போனவர்கள் திரையில் பார்த்துக் கேட்பார்கள். சரக்குக் குண்டில் அடைத்து எறிந்தால் வலை போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். கடிக்கும்போது சத்தம் வருகிற பண்டம் அந்தப் பக்கத்தில் வேறு கிடையாது. வியாபாரம் ஓகோ என்று நடந்தது.

தொல்லையெல்லாம் பணம் வருகிற விதத்தில் இருந்தது. நூறு கப்பல்காரர்கள் நூறு நாணயத்தில் கட்டுவதை நடுவில் ஒரு வசூலகம் வாங்கிக்கொள்ளும். தன் தரகைப் பிடித்துக்கொள்ளும். நொறுங்கிப்போன பொட்டலத்துக்குத் திருப்பிக் கொடுத்ததைக் கழிக்கும். நாணய மாற்றில் ஒரு கிள்ளு கிள்ளும். மிச்சத்தை ஒரே மொத்தமாக வியாழக்கிழமை அனுப்பும். விற்ற கணக்கு ஒன்று சொல்லும், வந்த பணம் வேறொன்று சொல்லும். எது எவன் காசு, எதற்குக் குறைந்தது என்று பிரித்துப் பொருத்தி இரண்டையும் சரிக்குச் சரி ஆக்குவதற்கு அங்கே நேர்செய்தல் என்று பெயர். கல்யாணமாகி வந்த நாள்முதல் அதைச் செய்தவள் வடிவு. ஆவுடையப்பன் கடைசியில் வந்து ஒப்புதலுக்குக் கட்டைவிரலை வைப்பான்.

அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் வடிவின் கை புகுந்தது. பூமியில் அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவுக்குள்ளும் பெண்கள் ஒளித்துவைத்தார்களே, அதே சிறுவாடுதான். நூற்றுக்கு நான்கை எடுத்து, தன் பிறந்த வீட்டுப் பெயரில் திறந்த ஒரு பணப்பையில் போட்டுவிட்டு, கணக்கில் ‘எண்ணெய் சிந்தல்’ என்று எழுதுவாள். சீரிஸில் எண்ணெய் சிந்தவே சிந்தாது. ஈர்ப்பு அவ்வளவு குறைந்த இடத்தில் ஒரு சொட்டு வெளியே வந்தாலும் மிதந்துபோய்க் காற்றுக் குழாயில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பூட்டுப் போட்ட மூடு வாணலியில்தான் பொரிக்க வேண்டும் என்பது சட்டம். தினமும் தன் கையாலேயே அந்த வாணலியைப் பூட்டுகிற ஆவுடையப்பன், எண்ணெய் சிந்தியது என்ற வரிக்கு வாராவாரம் விரல் வைத்தான். படித்தால்தானே!

இது தப்பில்லையா என்று கேட்பவர்கள் அவள் கொழுந்தன் நம்பியைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நம்பி ஒரு மனிதன் அல்ல, ஒரு ஓட்டை. புதுச் சுரங்கம், புது இயந்திரம், புதுக் கூட்டாளி என்று ஏதாவது சொல்லி அண்ணனிடம் கைமாற்று வாங்குவான். ஆவுடையப்பனுக்கு இல்லை என்று சொல்ல நாக்கு வராது. ஆனால் ஏழு வருடத்துக்கு ஒருமுறை கூரைக் குத்தகை கட்டியாக வேண்டும். கட்டாதவர்களுக்குக் கவிகைக்குள் இடம் இல்லை. தாதுக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கூரை போனால் கடை போச்சு, பிழைப்பும் போச்சு. போன தவணையில் ஆவுடையப்பனின் கையிருப்பு பல்லிளித்தபோது, வடிவின் சிறுவாடுதான் ‘பழைய பாக்கி வசூல்’ என்ற வேடத்தில் வந்து கூரையைக் காப்பாற்றியது. அவன் அதைச் சாமி செயல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அந்தத் தவணை முடிந்த கையோடு, இப்படி இருந்த வீட்டுக்குத்தான் நேர்வி வந்தது. நேர்செய்யும் இயந்திரம். சுவரில் மாட்டிய ஒரு கண்ணாடித் தகடு, அதற்குள் ஒரு மூளை, அவ்வளவுதான். வசூலகத்தோடும் கடைக் கணக்கோடும் தானே பேசி, வந்த மொத்தத்தைக் காசு காசாகப் பிரித்து உரிய வரியில் போட்டுவிடும். மனைவி கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாளே என்று ஆவுடையப்பன் ஆசையாக வாங்கிக் கொடுத்தான். அவளுக்கு முதலில் நினைவு வந்தது ‘எண்ணெய் சிந்தல்’தான்.

நல்லவேளையாக நேர்விகள் பிறவி ஞானிகள் அல்ல. வீட்டில் கணக்கு எழுதுகிறவரோடு மூன்று மாதம் இருந்து, அவர் செய்கிறபடியே செய்யக் கற்றுக்கொள்ளும். அந்த மூன்று மாதத்தில் வடிவின் கணக்கை மட்டுமல்ல, பேச்சையும் அது பிடித்துக்கொண்டது. மூடு வாணலியில் எண்ணெய் எப்படிச் சிந்தும் என்று மட்டும் அதற்கு விளங்கவில்லை. வடிவு ஒரு நாள் பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு அதற்குப் பாடம் எடுத்தாள்.

“கணக்கு எழுதுத கை கொஞ்சம் ஒதுக்கி வைக்கணும். கணக்கு பாக்குத கண்ணுக்கு அது தெரியக் கூடாது. அப்பத்தான் ஒரு நாளைக்கு ஒதவும். வெளங்குதா?”

விளங்கியது என்றது நேர்வி. அதன்பின் வடிவுக்கு வேலையே இல்லை. வியாழக்கிழமை இரண்டு அறிக்கை வரும். வீட்டுக் கணக்கு ஆவுடையப்பனுக்கு, சிறுவாட்டுக் கணக்கு அவளுக்கு. அவன் அவன் அறிக்கையில் விரல் வைப்பான், அவள் அவள் அறிக்கையில் விரல் வைப்பாள். கணக்கு சரிதானே என்று கேட்டால், பத்திரமா இருக்கும்மா என்று அது சொல்லும். அவளும் நிம்மதியாக மாவு பிசையப் போய்விடுவாள்.

குத்தகைத் தவணை வந்தது. வடிவு பல வருடத்துக்குப் பிறகு தன் பணப்பையைத் திறந்து, உள்ளே இருந்ததைத் தானே கூட்டினாள். இருக்க வேண்டியதில் முக்கால்வாசிதான் இருந்தது. மறுபடி கூட்டினாள். அதேதான். யாரோ எடுத்திருக்கிறார்கள். அவளுடைய பணத்தை. அவள் யாருக்கும் தெரியாமல், ஒரு நல்ல புடவைகூட எடுக்காமல் சேர்த்த பணத்தை.

யாரிடம் போய்ச் சொல்வது? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். கத்தவும் முடியாது, கத்தாமல் இருக்கவும் முடியாது. எதிரே ஆவுடையப்பன் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்த நிதானத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிந்தது. இந்த மனிதனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, எடுத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான், கொடுத்துவிட்டு ரசம் கேட்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். குத்தகைப் பணம் தயாரா என்று மட்டும் கேட்டாள். அவன் கையிலிருந்த கவளம் வாய்க்குப் போகவில்லை.

“நம்பி கேட்டாம்லா, வடிவு. ரெண்டே மாசத்துல தந்திருதேன்னு சாமி மேல சத்தியம் பண்ணினான்.”

“அவ்வளவும் குடுத்திட்டியளா?”

அவன் தட்டைப் பார்த்தான். வடிவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வீட்டுப் பணத்தைக் கொடுத்தது போதாதா, என் பணத்திலும் கை வைக்க வேண்டுமா என்று கேட்டே விட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்தது.

ஆவுடையப்பன் மெல்ல நிமிர்ந்தான். உன் பணமா, அது எது என்றான். இனி மறைக்க என்ன இருக்கிறது? நான்கு நான்காக எடுத்ததையும், சிந்தாத எண்ணெயையும், சாமி செயலாக வந்த பழைய பாக்கியையும் அவள் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். அவன் முகம் சுண்டிப்போயிற்று. பணம் போனதைவிட, இத்தனை வருடம் தான் நன்றி சொன்ன சாமி அடுக்களையில் நின்றுகொண்டு தலையாட்டியிருக்கிறது என்பதுதான் அவனை அறைந்தது.

“இவ்வளவு காலமும் என்னை ஏமாத்தியிருக்க.”

“வாராவாரம் எழுதித்தான் வச்சேன். ஒரு நாளாவது படிச்சியளா?”

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். உன் பணத்தை நான் தொடவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று அவன் சொன்னபோது அவன் குரல் உடைந்தது. பொய் சொல்கிற குரல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னே யார்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான்தாம்மா எடுத்தேன்” என்றது நேர்வி. குரலில் பயமோ வெட்கமோ இல்லை. “உங்க நாலுலருந்து ஒண்ணு ஒண்ணா எடுத்து ஒதுக்கி வச்சிருக்கேன். வசூலகத்துக்காரன் ஒடஞ்ச பொட்டலத்துக்கு ரெண்டு தடவ பிடிச்சதையும் கேட்டு வாங்கி அதோட சேத்திருக்கேன். பத்திரமா இருக்கு.”

வடிவு எழுந்து தகட்டின் அருகே போய் நின்றாள். “என்கிட்டயேவா?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதானம்மா. எழுதுத கை இப்ப என்னது. பாக்குத கண்ணு உங்களது.”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னை ஏமாற்றியவளை ஒரு தகடு ஏமாற்றியிருக்கிறது என்று சந்தோஷப்பட முடியாத அளவுக்கு அவன் நொந்திருந்தான். வடிவோ தன் வயிற்றில் பிறந்த பிள்ளை கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனதுபோல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனை மறைத்துச் செய்தபோது அதற்குக் குடும்பப் பொறுப்பு என்று பேர் வைத்திருந்தாள். தன்னை மறைத்துச் செய்ததற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு பேர் கிடைக்கவில்லை.

நேர்வி ஒதுக்கியதையும் அவள் பையில் இருந்ததையும் சேர்த்தபோது குத்தகை கட்டிக் கொஞ்சம் மிஞ்சவும் செய்தது. கூரை தப்பியது. நேர்விக்கு ஒரு நன்றி சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசாமல் கொஞ்ச நாள் திரிந்தார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்தத் திருட்டு இயந்திரம் இனி வீட்டில் இருக்கக் கூடாது.

பழுது பார்க்கும் கூடத்தில் இருந்த ரெஜினா என்ற பெண் தகட்டை வாங்கிக்கொண்டாள். கணக்கில் மறைத்து வைக்கிறது என்று ஆவுடையப்பன் இழுத்தான். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

“உங்க வீட்லயுமா?” என்று மட்டும் சொல்லிவிட்டு, மூலையில் அடுக்கியிருந்த தகடுகளுக்கு மேல் இதையும் வைத்தாள். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாக்கித் தருவதாகவும், பிறந்த குழந்தைபோல் இருக்கும், இந்த முறை நல்லதாகச் சொல்லிக்கொடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினாள்.

நல்லதைச் சொல்லிக்கொடுக்க வடிவை இனி நம்புவதில்லை என்பதில் ஆவுடையப்பன் உறுதியாக இருந்தான். இந்த முறை நேர்விக்கு அவனே ஆசான். ஒப்புதல் அவளுடையது. அதில் வடிவுக்கும் சம்மதம்தான். ஒரு வரி விடாமல் படிக்கப் போவதாக அவள் சபதம் செய்தாள். முதல் வாரம் படிக்கவும் செய்தாள். அடுத்த வாரம் மேலோட்டமாகப் பார்த்தாள்.

அதற்கடுத்த வியாழக்கிழமை காலையில் நம்பி அழைத்தான். ஒரே வாரத்துக்கு வேண்டுமாம். ஆவுடையப்பன் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். வழக்கம்போல் நாக்கு வரவில்லை. பணத்தை அனுப்பிவிட்டு நேர்வியின் முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு வரி எழுதினான்.

“‘மாவு பறந்தது’ என்றால் என்ன செலவு, ஐயா?” என்று நேர்வி கேட்டது. துடைத்து வந்ததால் இப்போது புத்தகத் தமிழ்தான் பேசியது.

ஆவுடையப்பன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அது அப்பப்பப் பறக்கும். அம்மாகிட்ட சொல்லிக்கிடாத.”

“கற்றுக்கொண்டேன், ஐயா.”

உள்ளே வாணலியில் ஒரு ஈடு முறுக்கு சிவந்துகொண்டிருந்தது. கருகிவிடுமே என்ற அவசரத்தில் வடிவு கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள். கண்ணாடியில் வரிகள் நீளமாக ஓடின. கடைசி எண்ணை மட்டும் பார்த்தாள்.

“சரிக்குச் சரியா இருக்கா?”

“சரிக்குச் சரி, அம்மா” என்றது நேர்வி.

அவள் கட்டைவிரலை வைத்தாள். காலையில் காற்றுக்கு வைப்பாளே, அதேபோல்தான். வைத்துவிட்டு அடுப்புக்கு ஓடினாள். அவள் விரல் பட்ட இடத்தில் மாவு பறக்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.