வலது கண்ணில் ஒரு ஈ

ஸ்கேன் அறையின் வாசலைத் தாண்டியதுமே லேத்காரரின் வலது கண்ணில் இருந்த ஈ நகர்ந்தது. பட்டறையில் தெறித்த இரும்புப் பிசிறைக் கண் டாக்டர் எடுத்த நாளிலிருந்து, இருபது வருஷமாகப் பார்வையின் ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் புள்ளி அது. "எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்றுதான் அந்த டாக்டரும் சொன்னார்.

இடது கண்ணின் விழித்திரையைச் சர்க்கரை வியாதி முழுசாகத் தின்றுவிட்டது. மிச்சம் இந்த வலது கண் ஒன்றுதான். புது மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டு, முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் சேர்ந்தால்தான் இதுவாவது தேறும். கண்ணில் எப்போதாவது இரும்பு விழுந்ததா என்று காலையில் நிரப்பிய படிவத்தில் கேட்டிருந்தார்கள்.

"இல்லைன்னு போடறேன்," என்றாள் மனைவி. "ஆமான்னு சொன்ன வெல்டிங்காரரைத் திருப்பி அனுப்பிட்டாங்க, பாத்தீங்கல்ல?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

டெக்னீஷியன் பெண் அவரைப் படுக்க வைத்து, காதில் பஞ்சை அடைத்து, முகத்துக்கு மேல் கூண்டை மாட்டி, கையில் ரப்பர் பந்தைத் திணித்தாள். "முடியலைன்னா அமுக்குங்கய்யா, வெளிய எடுத்துடுவேன்."

ஸ்பிரிட் வாடையும் குளிரும் சூழ்ந்த அந்தக் குழாய்க்குள் படுக்கை மெல்ல நுழைய நுழைய, ஈ ஊர்ந்தது. சுருக்கென்றது. அவரை அறியாமல் கை பந்தை அமுக்கிவிட்டது.

படுக்கை நடுவில் நின்றது. ஈயும் நின்றது. வலியும் அடங்கியது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"இதோ, வெளிய எடுத்துடறேன்," என்றது ஒலிபெருக்கி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது: இந்தக் குழாயும் ஒரு பெரிய காந்தம்தான். தினமும் பட்டறைத் தரையில் காந்தத்தை ஓட்டிப் பிசிறு பொறுக்கியவர் அவர். காந்தம் நின்றால் பிசிறும் சும்மா கிடக்கும். நகர்த்தினால்தான் எழுந்து ஓடும்.

"எடுக்காதம்மா. கண்ணுல இரும்பு இருக்கு."

ஒலிபெருக்கி அணைந்திருந்தது.

"அம்மா, பொய் சொல்லிட்டேன்மா."

படுக்கை நகர்ந்தது.

கூண்டில் பதித்த சின்னக் கண்ணாடியில், ஜன்னலுக்கு அப்பால் நின்ற மனைவி தெரிந்தாள். சிரித்தபடி கையாட்டினாள்.

ஈ திரும்பியது. அவள் தோளில் ஏறியது. கழுத்து. கன்னம்.

அவள் கையாட்டிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் இருந்த இடத்தில் ஈ உட்கார்ந்திருந்தது.