சூசை சம்மதிக்கிறான்

"சரி, அவளுக்கு டெஸ்ட் எடுங்க" என்றான், கடலில் மாண்டு இரண்டு வருஷமான சூசை. ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்த குரல்காவல் கருவி குரலைச் சரிபார்த்துப் பச்சை விளக்கைக் காட்டியது. அவன் மனைவி அற்புதம் கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

காப்பாளர் சட்டம் வந்தபின், வீட்டு ஆணின் குரல் சம்மதிக்காமல் ஒரு பெண் ரயிலேற முடியாது, ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ள முடியாது. அந்த ஆண் செத்துத் தொலைந்தால் அவள் பாடு அதோகதி. அதற்காகத்தான் வழக்கறிஞர் ஜெசிந்தா 'குரலாளை'ச் செய்வித்தாள். செத்தவனின் பழைய பேச்சுப் பதிவுகளை விழுங்கிவிட்டு அவன் குரலிலேயே பேசும் இயந்திரம் அது. எதைக் கேட்டாலும் சம்மதிக்க மட்டுமே அதைப் பழக்கியிருந்தாள். உயிரோடிருக்கும் ஆம்பளைகளுக்கு அது எவ்வளவோ தேவலை.

அத்தோடு விட்டிருக்கலாம். திருட்டுத்தனமாகக் கிடைப்பது ஓர் உரிமையா என்று அவளுக்கு ரோஷம். கோர்ட்டுக்குப் போனாள். குரலாள் பேசுவது இறந்தவரே பேசுவதுதான், அதுவும் சட்டப்படி காப்பாளரே என்று வாதாடி ஜெயித்தாள். அரசு வக்கீல் ஓர் ஆட்சேபம்கூடச் சொல்லவில்லை. லட்டு கொடுத்த சந்தோஷத்தில் அது யாருக்கும் உறைக்கவில்லை. மறுவாரமே, காப்பாளர்களைப் பராமரிப்பது தன் கடமை என்று குரலாட்கள் அத்தனையையும் அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது.

அற்புதத்தின் கருப்பையில் கட்டி. எடுக்காவிட்டால் பிழைக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்று ஜெசிந்தாவும் கூட வந்தாள். கருப்பையை எடுக்கச் சம்மதமா என்று குரல்காவல் கேட்டது.

"வேண்டாம். பிள்ள பெக்குற வயசு. வீட்டுக்குப் போ, அற்புதம்" என்றான் சூசை.

அற்புதம் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உசுரோட இருந்தப்ப அவரு என்னைய எதுக்கும் வேண்டாம்னு சொன்னதே இல்லக்கா."

ஜெசிந்தா தலைமை நர்ஸ் பக்கம் திரும்பினாள். "அவன் செத்துட்டான்! இது வெறும் மெஷின்! இது பேச்சக் கேட்டு ஒரு பொம்பளையச் சாக விடுவீங்களா?" என்று கத்தினாள்.

தலைமை நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"கத்தாதீங்க மேடம். இது மெஷின் இல்ல, அவரேதான்னு கோர்ட்டுல சொல்லி ஜெயிச்சதே நீங்கதான?"

அற்புதம் ஸ்ட்ரெச்சரிலிருந்து தானே இறங்கிச் செருப்பைத் தேடினாள்.